தேகமும் யாக்கையும்

ஒரு பத்தியைக் கொடுத்து, அடிக்கோடிட்ட சொற்களுக்கு ஈடான வேறு சொற்களை இட்டு எழுதுமாறு மாணவரைப் பணிப்பது நம் பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். 1816இல் பினாங்கில் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய பள்ளியின் தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க்கல்வியின் தோற்றுவாயாகக் கொண்டு, 2016இல் நாம் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். இப்பயிற்சியோ அதனினும் பன்மடங்கு பழமையுடையது. ஒரு பொருளுக்குப் பல சொல் வருதலையும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருதலையும் தொல்காப்பியர் திரிசொல்லின் இரு வகைகளாகக் கண்டார். பின்னர்த் திவாகரம் முதலிய நிகண்டுகள் எழுந்தன. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் பொருள் அறியும் முன்னரே மனப்பாடம் செய்தனர்.

நிகண்டு சொற்களைத் திரட்டித் தருமேயன்றி, எவ்விடத்தில் எச்சொல் பொருந்தும் என்று சொல்லாது. அதை விளக்க 1916ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

அப்போது சுவாமி வேதாசலம் என்று அறியப்பட்ட மறைமலையடிகள், வள்ளலாரின் பாடலொன்றைத் தம் மகள் நீலாம்பிகையோடு பாடி மகிழ்ந்திருந்தார். அதில் 'தேகம்' என வந்த இடத்தில் 'யாக்கை' என்றிருப்பின் இன்னும் சிறக்குமே என்றார். தனித்தமிழ் இயக்கத்தின் தொடக்கமாக இவ்வுரையாடலைக் கூறுவது மரபு. மாற்றத்தை யாப்பின் வழி நோக்குவோம். 'தேகத்தை', 'யாக்கையை' ஆகிய இரண்டும் நேர் நேர் நேர், தேமாங்காய்ச் சீர். ஓசை சிறிதும் கெடவில்லை. பொருளும் இசைகின்றது. யாத்தல் என்பது கட்டுதல்; கட்டப்பட்டது யாக்கை. நாலடியாரிலும் திருமந்திரத்திலும் 'யாக்கை நிலையாமை' என்றே தலைப்பு உண்டு. உயிர் உடலை மறக்கும் நிலையைப் பேசுமிடத்தில் இதனினும் தக்க சொல் அரிது.

ஆயினும் இழப்பு இல்லையெனச் சொல்லமாட்டோம். சுத்த தேகம், பிரணவ தேகம், ஞான தேகம் என்பன வள்ளலார் கொள்கையின் கலைச்சொற்கள். 'தேகம்' நீங்கினால் அச்சொற்களோடு உள்ள தொடர்பும் அறுபடும். செவிக்கு ஆதாயம், கொள்கைக்கு நட்டம்! பிறர் பாடலில் கைவைக்குமுன் ஆசிரியர் மாணவர்க்கு உணர்த்த வேண்டியது இவ்விரண்டையுமே.

அடிகள் தம் பெயரையும் மாற்றினார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. 'ஞானசாகரம்' இதழ் 'அறிவுக்கடல்' ஆயிற்று. இவை நிலைத்தன. மறை, மலை, அறிவு, கடல் ஆகியவை முன்னரே மக்கள் நாவில் உலவிய சொற்களல்லவா? திரிபுரசுந்தரி என்னும் மகளை முந்நகரழகி என்றழைத்தது அவ்வாறு பரவவில்லை. சொல்லுக்குச் சொல் சரியே. கேட்போர் நெஞ்சில் திரிபுரம் எரித்த கதை எழவில்லை.

உடல், உடம்பு, மெய், மேனி, யாக்கை என நிகண்டு ஒரே வரிசையில் நிறுத்தும் சொற்களை மாணவர் ஒன்றற்கொன்று மாற்றிப் பார்க்கட்டும். மெய்க்காப்பாளரை மேனிக்காப்பாளர் என்றால் நகைப்பு வரும். 'யாக்கைப் பயிற்சி' செய்ய எவரும் திடலுக்குச் செல்லார். மேனியில் நிறமும் பொலிவும் உண்டு. மெய்யில் உண்மையும் உண்டு.

நம் மண்ணின் சொல் ஒன்றும் இங்கு நினைவுக்கு வருகிறது. மலாயின் 'கெத்தா'வைத் தோட்டத் தமிழர் 'கித்தா' என்றனர். மரத்தைப் பால்மரம் என்றனர். பழைய தோட்டக் கதையொன்றில் 'கித்தாக்காடு' என்பதை 'இரப்பர்த் தோட்டம்' எனத் திருத்தும் மாணவர்க்கு மதிப்பெண் கிடைக்கலாம். அச்சொல்லைத் திருத்தாமல் விட்டு, ஏன் விட்டேன் என ஒரு வரி எழுதும் மாணவர்க்கு நாம் கூடுதல் மதிப்பெண் தருவோம்.

தந்தையின் வழியில் நின்ற நீலாம்பிகை அம்மையார், வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச்சொற்களை அகரவரிசையில் தொகுத்து நூலாக்கினார். அந்நூலின் ஆசிரியர் பெயர் மட்டும் நீலாம்பிகை என்றே நின்றது.