தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் நடுவில் ஒரு எல்லை

கெம்பஸ்ல ஒரு தடவை கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் விளையாட்டாகக் கேட்டான்: "எங்க காணியிலதானே நீங்க தோட்டம் போட்டீங்க?" அவன் சொந்த ஊரும் ஊவாதான். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

பதில் 1840இல் இருக்கிறது. அந்த வருடத்து 12ஆம் இலக்கச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலமெல்லாம் முடிக்குச் சொந்தம் என்றது. இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். கண்டிப் பிரதேசங்களில் சேனை நிலத்துக்கும் இதே கதிதான். அரசர் கொடுத்த சன்னஸ் பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் வழக்கமான வரி கட்டியதற்கு ஆதாரம் வேண்டும்.

சேனை எப்படிச் செய்வாங்க? காட்டை வெட்டி எரித்து, ஓரிரு போகம் குரக்கன் விதைப்பாங்க. பிறகு மண் தேறட்டும் என்று சில வருடம் விட்டுவிடுவாங்க. அப்படி விட்ட நேரத்தில் நில அளவையாளர் வந்தால், அவர் கண்ணுக்கு அது வெறும் காடு. கிராமத்தின் எல்லை எது, முடியின் எல்லை எது என்ற தகராறு இங்கேதான் தொடங்குது. கிராமத்தவரிடம் இருந்தது நினைவு. சட்டம் கேட்டது கடுதாசி.

அப்படி எடுத்த நிலம் ஆரம்பத்தில் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கெல்லாம் கோப்பித் தோட்டங்களுக்குப் போனது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தாங்க. 1897இல் வந்த தரிசு நிலச் சட்டம் இன்னும் இறுக்கியது: அறிவித்தல் வந்து மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் நிலம் முடிக்கு.

நம்ம ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தது அந்த நிலத்தில் வேலை செய்யத்தான். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. பயிர் மாறியது, காணி நம்ம பெயருக்கு மாறவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் காணியை இழந்தவங்க, இந்தப் பக்கம் காணியே கிடைக்காதவங்க. எல்லை போட்டவங்க கப்பலேறிப் போயிட்டாங்க.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஏன் அந்த இடத்தை விட்டு முன்னமே போகவில்லை என்று பலர் கேட்டாங்க. சொந்தக் காணி இல்லாதவங்க எங்கே போறது?

இப்போ வீட்டுத் திட்டங்களில் காணி என்று பேசுறாங்க. யார் வந்து பேசினாலும் நாம கேட்க வேண்டியது ஒன்றுதான்: உறுதி எப்போ கையில் வரும்? 1840இல் கடுதாசி இல்லாதவருக்கு என்ன நடந்தது என்று அந்த நண்பனின் கிராமத்துக்கே தெரியும். அவனுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்.