அஸாவும் வளரியும்

ஜும்ஆ நாளில் கதீப் அவர்கள் மிம்பரில் ஏறும்போது மோதினார் அவர் கையில் அஸாவைக் கொடுப்பதை நம்மில் பலர் சிறுவயது முதல் கண்டு வருகிறோம். அக்கோல் எம்மரத்தால் ஆனது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஆயுத வரலாறு எழுதுவோர் இரும்பைப் பேசுவர், மரத்தை மறந்துவிடுவர். மரமோ இரும்புக்கு மூத்தது.

பெருமானார் (ஸல்) அவர்கள் கைத்தடியையோ வில்லையோ ஊன்றி நின்று குத்பா நிகழ்த்தியதாக அபூதாவூதில் வந்துள்ளது. கோலேந்திப் பேசும் அரபுகளின் வழக்கத்தைப் பிறர் எள்ளியபோது, பஸராவின் பேரறிஞர் ஜாஹிள் (மறைவு ஹிஜ்ரி 255) தம் ‘அல்பயான் வத்தப்யீன்’ நூலில் அஸாவுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி விடையிறுத்தார்.

மர வணிகம் அக்காலத்தில் கடல்களை இணைத்தது. பாரசீகக் கரையிலுள்ள ஸீராஃப் நகரின் வீடுகள் தேக்காலும், ஸன்ஜ் நாடாகிய கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரங்களாலும் கட்டப்பட்டவை எனப் புவிநூலார் இஸ்தக்ரீ எழுதுகிறார். தேக்கை அரபியர் ‘ஸாஜ்’ என்றும், கருங்காலியை ‘ஆபனூஸ்’ என்றும் அழைத்தனர்.

தென்னாப்பிரிக்க மக்களின் குண்டாந்தடியை ஸூலு மொழியில் ‘இவிஸா’ என்பர். கிளையும் தண்டும் கூடும் முடிச்சையோ வேர்த்திரளையோ தலையாக விட்டு, ஒரே மரத்தில் அதைச் செதுக்குவர். அவ்விடத்தில் நார்கள் பின்னிக் கிடப்பதால் அடிபட்டாலும் பிளவாது. கனத்த மரமே அதற்குத் தகும். அடியின் வலிமை தலையின் எடையில் இருக்கிறது. நம் சிலம்பக் கம்பின் இயல்போ வேறு. அது வளைந்து மீள வேண்டும்; ஆகவே அதற்கு மூங்கிலைத் தேர்ந்தனர். உலக்கைக்குக் கருங்காலி, சிலம்பத்துக்கு மூங்கில் என்று பணிக்கேற்ற மரத்தை அறிந்ததே நம் முன்னோரின் கல்வி.

இவற்றிடையே தனித்து நிற்பது வளரி. பிறை போல் வளைந்து, பிடிக்கும் முனை மெலிந்து, மறுமுனை கனத்திருக்கும் எறிதடி அது. தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகளும், புதுக்கோட்டையின் மர வளரியும் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்ததை 1909இல் தர்ஸ்டன் குறித்துள்ளார். ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியிட்ட தம் நினைவு நூலில், வளரி எறியத் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருது என்றும், தேர்ந்த கை நூறு கஜத்துக்குள் குறி தவறாது என்றும் எழுதினார். அந்த ஆசானை எதிர்த்தே அவர் 1801இல் போரிட நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர்.

அதன்பின் ஆங்கில அரசு பாளையங்களின் கோட்டைகளை இடித்தது, ஆயுதங்களைப் பறித்தது. பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் நம் கடையநல்லூருக்கு எட்டிய தொலைவிலேயே உள்ளது. ஆகவே இவ்வரலாறு நமக்கு அயலாருடையதன்று. வாளும் ஈட்டியும் போயின. சிலம்பக் கம்பு மட்டும் ஆட்டமாகவும் விழாவாகவும் எஞ்சி நின்றது.

இன்று கருங்காலி வேறொரு கோலம் பூண்டுள்ளது. அதை மணியாக்கிக் கழுத்தில் அணிந்தால் துன்பம் தீரும் என்று விற்கின்றனர். நம் பிள்ளைகளும் வாங்குகின்றனர். மூஸா (அலை) அவர்களின் அஸாவை விடச் சிறந்த கோல் உண்டோ? அதனால் ஆடுகளுக்குத் தழை உதிர்ப்பதாகவும் அதன்மேல் சாய்வதாகவுமே அவர்கள் கூறினார்கள். கடல் பிளந்தது மரத்தின் ஆற்றலால் அன்று, அல்லாஹ்வின் ஆணையால். ஸுலைமான் (அலை) அவர்கள் ஊன்றியிருந்த கோலையோ கரையான் அரித்தது. அது அரிக்கப்பட்டு உடல் சாய்ந்த பின்பே அவர்களின் மறைவை ஜின்கள் அறிந்தன. நபியின் கைக்கோலையே கரையான் விடவில்லையெனில், கடையில் வாங்கிய மணி எவரைக் காக்கும்?

தென்னாப்பிரிக்கா 2000ஆம் ஆண்டில் ஏற்ற அரசுச் சின்னத்தில் ஈட்டியும் குண்டாந்தடியும் கிடத்தப்பட்டுள்ளன. அது அமைதியின் குறி. நம் மிம்பரிலும் கோல் ஓங்கப்படுவதில்லை, ஊன்றப்படுகிறது. மரத்தின் உறுதியை மதிப்போம். நம்பிக்கையை மரத்தின் மேல் வைக்காதிருப்போம்.