மீன் குட்டி போடுமா? கப்பி ஆணுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கலர்?

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஒரு சுற்று வந்தாலே கப்பி, மோலி, பிளாட்டி கண்ணில் பட்டுவிடும். மூன்றும் முட்டையிடாது, நேராகக் குட்டிதான் போடும். இயற்கையில் வாழும் கப்பியில் கலர் காட்டுவது ஆண்தான், பெண் சாம்பல் நிறம். ஆனால் இதே குடும்பத்தில் ஆணும் டல்லாக இருக்கிற மீன்கள் உண்டு. தாய் தன் குட்டிக்கு எப்போது சாப்பாடு போடுகிறது என்பது இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

முன்பணமா, தவணையா?

கப்பி முன்பணம் கட்டுகிற ரகம். கரு உருவாகும் முன்பே குட்டிக்கான சத்து மொத்தமும் மஞ்சள் கருவில் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் வயிற்றில் சுமப்பது பெரும்பாலும் பாதுகாப்புக்குத்தான்.

மெக்சிகோ, மத்திய அமெரிக்க ஓடைகளில் வாழும் பொயெசிலியோப்சிஸ் மீன்களில் சில இனங்கள் தவணை ரகம். முட்டை துளியூண்டு இருக்கும். கருவான பிறகு, நஞ்சுக்கொடி மாதிரியான ஓர் உறுப்பு வழியாகத் தாய் ஊட்டிக்கொண்டே இருக்கும். சில இனங்களில் பிறக்கும் குட்டி, முட்டையைப்போல நூறு மடங்கு எடை! இந்தச் சின்னக் கூட்டத்துக்குள்ளேயே நஞ்சுக்கொடி மூன்று முறை தனித்தனியாகத் தோன்றியதாக டேவிட் ரெஸ்னிக் குழு 2002-ல் சொன்னது.

சரி, ஆணுக்கு என்ன வந்தது?

முன்பணம் கட்டும் தாய், அப்பா யார் என்பதை இணைவதற்கு முன்பே பார்த்துத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதனால்தான் ஆணின் கலரும் ஆட்டமும். தவணைத் தாய்க்கு அவசரமில்லை. வயிற்றில் பல அப்பாக்களின் குட்டிகள் இருந்தால், எதற்கு அதிகம் ஊட்டுவது என்பதை உடல் பிறகு தீர்மானிக்கலாம் என்பது கருதுகோள். அப்போ மினுக்கி என்ன லாபம்?

2014-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வும் இதற்குப் பொருந்துகிறது. நஞ்சுக்கொடி உள்ள இனங்களில் ஆண்கள் சிறியவை, கலரும் ஆட்டமும் குறைவு. ஆனால் விந்தைச் செலுத்தும் துடுப்பு மட்டும் நீளம். பெண்ணைக் கவர்வதை விட்டுவிட்டு, பதுங்கி வந்து இணைகிற வேலைக்கு அது தோது.

கலருக்கு இது மட்டுமே காரணமில்லை. டிரினிடாட் ஓடைகளில், தின்னும் மீன்கள் குறைவான இடத்தில்தான் கப்பி ஆண் பளபளப்பாக மாறுகிறது என்று ஜான் எண்ட்லர் 1980-லேயே காட்டிவிட்டார்.

ஒரு முக்கியமான விஷயம்: பெண் கப்பி விந்தைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைக்கும். வீட்டுத் தொட்டியில் இருந்து ஒரே ஒரு பெண்ணை ஏரியில் விட்டாலும், ஆண் துணையில்லாமலேயே அங்கே ஒரு கூட்டம் உருவாகிவிடலாம்.