எருது விளையாடிப் பட்டவன் கல்

சேர்வராயன் மலையில் மாரமங்கலம் முதலிய ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் உறவுமுறை அந்த மலையோடு முடிந்துவிடுவதில்லை. கிழக்கே கல்வராயன் மலையிலும் தெற்கே கொல்லிமலையிலும் அதே மக்கள் பரவியுள்ளனர். அந்தக் கல்வராயன் மலைத்தொடரைச் சேர்ந்த கருமந்துறைப் பகுதியில் கிடைத்த நடுகல் ஒன்று, ஏறுதழுவல் வரலாற்றை ஆராய்வோர் தவறாமல் சுட்டும் சான்றாகும். கருவந்துறையில் எருது விளையாடி மாண்ட சங்கன் என்பவனுக்கு அவன் மகன் நட்ட கல் அது.

இந்தக் கல்லைப் பெரும்பாலும் பெருமிதத்தோடுதான் நாம் எடுத்துக்காட்டுகிறோம். 'பாருங்கள், இது நேற்று முளைத்த விளையாட்டன்று' என்பதே நம் வாதம். அது உண்மையே. ஆயினும் அந்தக் கல் பேசுவது வெற்றியைப் பற்றியல்ல, ஒரு சாவைப் பற்றி. காளையை அடக்கியவனுக்கு எழுந்த கல் அல்ல, அதனிடம் உயிரை விட்டவனுக்கு எழுந்த கல். சல்லிக்கட்டுத் தடை குறித்து நாம் ஏறத்தாழ இருபதாண்டுகள் நடத்திய விவாதத்தில் இந்த எளிய செய்தி எங்கோ நழுவிப்போனது என்று கருதுகிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். வாடிவாசலிலிருந்து பாய்ந்து வரும் காளையின் திமிலைப் பற்றித் தொங்குவது மதுரை வட்டார வழக்கம். சேலம் வட்டாரத்தில் செல்வாக்குடையது எருதாட்டம். காளையின் கழுத்தில் கயிறு பூட்டிக் கோவிலைச் சுற்றி ஓட்டுவர், முன்னால் பொம்மை காட்டி அதைச் சீண்டுவர். வடமாடு, மஞ்சுவிரட்டு, ரேக்ளா என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இலக்கணம் உண்டு. நீதிமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் இவையனைத்தும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன.

வழக்கின் தொடக்கமும் வாடிவாசல் அன்று. இராமநாதபுரம் மாவட்டத்தில் ரேக்ளா பந்தயம் நடத்த அனுமதி கோரிய மனுவை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி பானுமதி, 2006 மார்ச்சில் ரேக்ளாவோடு சல்லிக்கட்டையும் சேர்த்தே தடைசெய்தார். சல்லிக்கட்டைப் பார்க்கச் சென்று உயிரிழந்த இளைஞர் ஒருவரின் தந்தையும் நீதிமன்றத்தை நாடியிருந்தார். கருமந்துறையில் தந்தைக்காக மகன் கல் நட்டான். மதுரையில் மகனுக்காகத் தந்தை வழக்காடினார். இரண்டும் ஒரே துயரத்தின் பதிவுகள். முன்னதைப் பண்பாடு என்றும் பின்னதைப் பண்பாட்டுக்குப் பகை என்றும் பிரித்துவிடுவது அத்தனை எளிதா?

2007இல் அத்தடை நீங்கியது. 2009இல் தமிழ்நாடு அரசு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. 2011 ஜூலையில் நடுவண் அரசு, காட்சிக்குப் பழக்கக்கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. அந்தப் பட்டியலின் வரலாறு சுவையானது. 1991இல் அதில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை ஆகியவற்றோடு நாயும் இருந்தது. 1998இல் நாய் வெளியேற, சிங்கம் நுழைந்தது. எந்த விலங்கின் வலி சட்டத்தின் கண்ணில் படும் என்பது காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கிறது.

2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டை முற்றாகத் தடைசெய்தது. பசி, அச்சம், வலி முதலியவற்றிலிருந்து விலங்குக்கு விடுதலை வேண்டும் என்ற ஐந்து விடுதலைகளின் கோட்பாட்டை அத்தீர்ப்பு சட்டத்தோடு இணைத்துப் படித்தது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் 'ஏறு தழுவல்' என்றால் காளையை அணைப்பதே, அடக்குவதன்று என்றும் அது கூறியது. தமிழ் கற்பிக்கும் நமக்கு இங்கேதான் இடறுகிறது. கலித்தொகையின் முல்லைக்கலியைப் படித்தவர்கள் அறிவர்: அங்கே தழுவல் என்பது கொஞ்சல் அன்று. கொம்பு கிழிக்கிறது, குருதி வழிகிறது, குடர் சரிகிறது. புலவர் எதையும் மறைக்கவில்லை. தடை கேட்டவர்கள் மென்மையான ஒரு பழந்தமிழகத்தைக் கற்பனை செய்தனர். எதிர்த்தவர்களோ காளைக்கு ஒரு வலியும் இல்லை என்றனர். பாட்டு இருவர் பக்கமும் நிற்கவில்லை.

2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர் திரண்டனர். அம்மாதமே அவசரச் சட்டமும் திருத்தச் சட்டமும் வந்தன. ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2023 மே 18 அன்று அத்திருத்தத்தை உறுதிசெய்தது. இது பண்பாட்டின் கூறா என்பதைச் சட்டமன்றம் முடிவுசெய்யட்டும், புதிய விதிகள் விலங்கின் துன்பத்தைக் குறைக்கின்றன என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தகைய ஊசலாட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் அரசு 2016 ஜூலையில் கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயத்துக்குத் தடை அறிவித்து, எதிர்ப்பு வலுக்கவே அக்டோபரில் அதைக் கைவிட்டது. அங்கும் நாட்டுப்புறத்தாரின் வாழ்வைப் பட்டணத்தார் முடிவுசெய்வதா என்ற குரல் எழுந்தது. ஆனால் அந்தப் பந்தயத்தின் அச்சாணி சூதாட்டப் பணம். ஓடி ஓய்ந்த நாய் அங்கே ஒரு செலவு. நம் ஊரிலோ சல்லிக்கட்டுக் காளை பெரும்பாலும் வீட்டில் ஒன்றாக, கோவிலுக்கு உரியதாக வளர்கிறது. புலிக்குளம் போன்ற நாட்டு மாட்டினங்கள் நிலைத்திருப்பதில் இவ்விளையாட்டுக்கும் பங்குண்டு. இந்த வேறுபாடு பெரிது. ஆனால் அன்பாக வளர்ப்பது, களத்தில் அதன் வாலை முறுக்குவதற்கான உரிமச்சீட்டு ஆகாது.

இன்று தடை இல்லை. எனவே பொறுப்பு விளையாடுவோரிடமே வந்து சேர்ந்திருக்கிறது. அலங்காநல்லூரில் கால்நடை மருத்துவரும் தடுப்புவேலியும் காவலரும் உண்டு, நாடே பார்க்கிறது. ஒளிப்படக்கருவி எட்டாத சிற்றூர் எருதாட்டத்தில் காளையின் காயத்துக்கும் இளைஞனின் காயத்துக்கும் யார் கணக்கு வைப்பது? மரபைக் காப்பது என்றால் இந்தக் கணக்கையும் சேர்த்தே காக்க வேண்டும் என்பது நம் துணிபு. சங்கனின் மகன் அதைத்தான் செய்தான். விளையாட்டின் பெயரையும் சாவையும் ஒரே கல்லில் வெட்டினான். அவன் தந்தையைக் குத்திய காளைக்கும் அன்று காயம் பட்டிருக்கலாம். அதைச் சொல்ல மட்டும் அந்தக் கல்லில் இடம் இல்லை.