வாகனங்கள் புறப்படும் ஊர்

போன வாரம் ரஞ்சன்குடிக் கோட்டையில் நின்று 1751-ஆம் ஆண்டுப் போரைப் பார்த்தோம். நவாப் பட்டத்துக்காக ஒரு பக்கம் சந்தா சாகிப், இன்னொரு பக்கம் முகமது அலி. அவர்களுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும். கோட்டை என்று ஒன்று இருந்துவிட்டால் எழுதுகிறவனுக்குக் கவலை இல்லை. நவாபும் பீரங்கியும் தாமாக வந்து நிற்பார்கள். இந்த வாரம் போகும் ஊரில் அந்த வசதி கிடையாது. பெரிய போர்களின் கதையில் அரும்பாவூரைத் தேடினால் கிடைக்காது. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் நின்று, சாமி ரிஷபத்தில் வருவதையோ யாளியில் வருவதையோ பார்த்துக் கைகூப்பியவர்களில் பலர், தெரியாமலே அரும்பாவூரையும் கும்பிட்டிருக்கிறார்கள்.

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் சாலையில் வேப்பந்தட்டையைத் தாண்டி, கிருஷ்ணாபுரத்தில் மேற்கே திரும்பினால் பச்சைமலை நேர் எதிரே எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில் இருக்கிறது ஊர். இன்றைக்கு அது ஒரு பேரூராட்சி. 1995-ல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூரை உண்டாக்கும்வரை, திருச்சிக்காரர்களுக்கே இது ஏதோ மூலையில் கிடந்த ஊர்தான்.

பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டங்கள் அதைப் பங்கு போட்டிருக்கின்றன. மேலே வாழும் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்துக்காரர்கள் அல்லர், தமிழ் பேசுகிறவர்கள். காஞ்சியிலிருந்து சகோதரர்கள் மூவர் புறப்பட்டு வந்து மலைக்கொருவராகக் குடியேறியதாக அவர்களுடைய கதை சொல்கிறது. காஞ்சியை ஏன் விட்டார்கள் என்பதற்கு ஊருக்கு ஒரு காரணம் சொல்வார்கள். அந்தப் பஞ்சாயத்துக்குள் நாம் போக வேண்டாம். அரும்பாவூருக்கு அருகே மலையாளப்பட்டி என்ற ஊரே இருக்கிறது. மலையும் அடிவாரமும் எத்தனை காலமாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கின்றன என்பதற்கு அந்தப் பெயர் போதும்.

மலை இந்த ஊருக்குக் கொடுத்தவை இரண்டு. முதலாவது தண்ணீர்.

மலையில் கொட்டும் மழை நின்று பேசாது. கல்லாற்றில் செம்மண் நிறத்தில் பாய்ந்து இறங்கும். அதைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாவிட்டால் வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குள் போய்விடும். நிறுத்துவதற்காகக் கட்டியவைதான் அரும்பாவூரின் பெரிய ஏரியும் சித்தேரியும். பெரம்பலூர் மாவட்டத்தில் பொதுப்பணித் துறைக் கணக்கில் 73 ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் பல, ஐப்பசி முழுக்க வானத்தைப் பார்த்துக் காத்துக் கிடக்கும் சமவெளி ஏரிகள். மலையடி ஏரிகள் அப்படி அல்ல. உள்ளூரில் தூறல்கூட இல்லாத இரவில், மேலே பெய்த மழைக்குக் காலையில் நீர்மட்டம் ஏறியிருக்கும். கலிங்கு வழிந்துவிட்டால் கீழே உள்ள ஏரிகளுக்கும் நம்பிக்கை பிறக்கும். ஒன்று நிரம்பி அடுத்ததற்குக் கொடுப்பதுதானே நம் ஏரிச் சங்கிலியின் முறை.

பழைய மதகுகளைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நட்டு வைத்த கல்தூண் இரண்டு, குறுக்கே துளையிட்ட கல், அந்தத் துளை வழியே தண்ணீருக்குள் இறங்கும் மரக்கம்பு, அடியில் தூம்பின் வாயை அடைக்கும் கட்டை. கட்டை கொஞ்சம் பிசகினால் ஏரி இரவோடு இரவாகக் கசிந்துவிடும். இறுகிப் போனால் வயல் காயும். அந்தக் கட்டையைச் சரியான அளவுக்குச் செதுக்கிக் கொடுத்தவர் ஊர்த் தச்சர். ஏரும் வண்டியும் ஏற்றமும் செய்தவரும் அவரே. ஏரிப் பாசனம் உள்ள ஊரில் தச்சருக்கு வேலை ஓயாது. அரும்பாவூர் மரச்சிற்பத்தின் கதையைச் சொல்லும்போது பலரும் கோயிலிலிருந்து தொடங்குகிறார்கள். நான் மதகிலிருந்து தொடங்குவேன்.

கரையைக் காப்பதும் ஊர் வேலைதான். வெள்ளைக்காரன் இதையும் சட்டமாக்கினான். மதராஸ் மாகாணத்தின் 1858-ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டப்படி, கரை உடையும் ஆபத்தில் கூப்பிட்டும் வராதவர்களுக்குத் தண்டனை உண்டு. காலம் காலமாகக் கூப்பிடாமலே வந்தவர்களுக்கு எதிராக அந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால், வரி வாங்கியவர்கள் மராமத்தை மறந்ததுதான் பதிலாக இருக்கும். ஊரே கூடிச் செய்த அந்த வேலைக்கு இருந்த குடிமராமத்து என்ற பழைய பெயரைத் தமிழக அரசு 2017-ல் தூசி தட்டி எடுத்தது.

மலை கொடுத்த இரண்டாவது, மரம்.

வாகை, மா, வேம்பு, மாவிலங்கம், ஒதியன், நூக்கு ஆகியவை அரும்பாவூர்ச் சிற்பிகள் கையாளும் மரங்கள். ‘ஒதி பெருத்தால் உத்திரமாகுமா’ என்று பழமொழி சொல்லிவிட்டோம். வீட்டுக்கு ஆகாத அந்த மரம் சிற்பியின் உளிக்கு இசைகிறது. இங்கத்திய வேலையின் தனிச்சிறப்பு, உருவத்தை ஒரே கட்டையில் செதுக்கி எடுப்பது. கையைத் தனியே செய்து ஒட்டுவதோ, முகத்தைத் தனியே செய்து பொருத்துவதோ இல்லை. கேட்க எளிது. நன்றாகக் காய்ந்த கட்டையில் நடுக்கோடு இழுத்து, உருவத்தைத் தாளம் என்னும் சிற்ப அளவுமுறையில் பங்கு பிரிக்க வேண்டும். திருமால், சிவன் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம்: உச்சி முதல் பாதம் வரை 124 பங்கு. அம்மனுக்கு மத்திம தசதாளம், 120. பிள்ளையாருக்கு ஐந்து தாளம். பெரிய உளியால் வேண்டாததைத் தள்ளி, சிறிய உளிகளுக்கு இறங்கி, கடைசியில் விரல் நகமும் சலங்கை மணியும் வரும். அதுவரை கட்டைக்குள் ஒளிந்திருந்த வெடிப்பு மூக்கருகே தலைகாட்டினால் அத்தனை நாள் உழைப்பும் போயிற்று. கல்லில் தட்டிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். மரம் கடைசி வரை வாயைத் திறக்காது.

சாமி உருவம் மட்டுமல்ல. ரிஷபம், குதிரை, யாளி, அன்னம், மயில், கருடன் என வாகனங்கள், தேரின் அடுக்குகளில் வரிசையாக வரும் பொம்மைகள், கோயில் கதவுகள். பக்கத்துத் தழுதாழையிலும், மலைக்கு அந்தப் புறம் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியிலும் இதே தொழில். கள்ளக்குறிச்சியிலும் உண்டு. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் இந்த ஊர்கள் எல்லாம் மலைகளைச் சுற்றியே அமர்ந்திருக்கின்றன.

1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று கோடு போட்ட பிறகு, மலையில் மரம் வெட்ட அனுமதி வேண்டியதாயிற்று. நூக்குக்கு 1994-ல் தனிச் சட்டமே வந்தது. காட்டைக் காக்க இவை வேண்டியவைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அடிவாரத்துச் சிற்பி, கண்ணெதிரே மலையை வைத்துக்கொண்டு, பட்டா நிலத்து வாகைக்கு விலை பேசப் போக வேண்டியவரானார் என்பதையும் வரலாறு எழுதுகிறவன் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

2020 மே மாதம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கும் அப்போதே கிடைத்தது. மறு ஆண்டு கள்ளக்குறிச்சியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பத்திரிகைகள் வாழ்த்தின. குறியீடு வந்தாலே வருமானம் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விவரம்: அதைத் தன் சரக்கில் பயன்படுத்த விரும்பும் ஒவ்வொரு கைவினைஞரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். பதிவையும் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உளி பிடிக்கும் கைக்கு இந்தக் காகித வேலை எளிதல்ல. சிற்பிகளைத் தேடிப் போய் அதைச் செய்து கொடுக்க யாராவது வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு; அதைத் தீர்க்கச் சட்டம் தேவையில்லை. வாகனத்தின் மார்பில் உபயதாரர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுகிறோம். சில இடங்களில் தொலைபேசி எண்கூட இருக்கும். செய்தவர் பெயர் மட்டும் இருக்காது. கோயிலுக்கு வாகனம் செய்யக் கொடுப்பவர்கள், பீடத்தின் ஓரத்திலாவது சிற்பியின் பெயரும் ஊரும் பொறிக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த வாரம் இதே மாவட்டத்தின் இன்னொரு மரம். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் வெளிக்கொண்டு வந்த சாத்தனூர் கல்மரம். நீளம் 18 மீட்டர். அதைக் கல்லாக்கிய கடல், பெரம்பலூர் வரை எப்படி வந்தது என்று பார்ப்போம்.

(தொடரும்)