மறுவுருவும் மயக்கமும்: பழையனூர் நீலி முதல் ‘யார் நீ?’ வரை

1960களில் தமிழில் வெளிவந்த அச்சச்சுவைப் படங்களை இந்திப் படங்களின் நிழல்கள் என ஒரு வரியில் கூறிக் கடந்துவிடும் போக்கு திரைப்பட ஆய்வில் உண்டு. 1966இல் வெளிவந்த ‘யார் நீ?’, 1964இல் இராஜ் கோஸ்லா இயக்கிய ‘வோ கோன் தீ?’ என்னும் இந்திப் படத்தின் மறுவாக்கம் என்பது உண்மையே. ஆயினும், ஒருவர் உருவில் மற்றொருவர் தோன்ற, மெய்யானவர் எவர் என உலகம் மயங்கும் கதைப்பொருள் தமிழுக்குப் புதிதன்று. அம்மரபோடு வைத்து நோக்கும்போதே இப்படத்தின் இயல்பு புலனாகும்.

மேலைநாட்டுக் கோதிக் கதைகளில் ஒத்த உருவம் பெரும்பாலும் ஒரு பெண்ணின் அடையாளத்தைப் பறிக்கும் கருவியாகவே அமைகிறது. வில்கி காலின்ஸ் எழுதிய ‘வெண்ணிற ஆடை அணிந்த பெண்’ என்னும் ஆங்கில நாவலில் (1860) செல்வக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, தன்னை ஒத்த முகமுடைய மற்றொருத்தியின் பெயரால் மனநோய் விடுதியில் அடைக்கப்படுகிறாள். சொத்தே அதன் நோக்கம். 1948இல் அது படமானபோது எலினார் பார்க்கர் இருவராகவும் நடித்தார்.

சாத்தனாரின் மணிமேகலை இதனினும் நுட்பமானது. மணிமேகலை காயசண்டிகையின் உருவைக் கொள்கிறாள். காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நம்புகிறான். உதயகுமரனோ அவள் மணிமேகலையாகவே இருத்தல் வேண்டும் என ஐயுறுகிறான். முடிவில், உண்மையை உய்த்துணர்ந்தவன் மயங்கியவனின் வாளால் மடிகிறான். இவ்வுதயகுமரன் முற்பிறப்பில் அவள் கணவனாகிய இராகுலன் என்பதையும் காப்பியம் முன்னரே கூறிவிடுகிறது. மறுபிறப்பு, மறுவுரு என்னும் இரண்டும் ஒரே காப்பியத்தில் பின்னிக் கிடத்தல் கருதத்தக்கது. எனினும் இங்குப் படிப்போர் மயங்குவதில்லை, கதைமாந்தரே மயங்குகின்றனர்.

நீலி கதையிலும் இதே நிலைதான். முற்பிறப்பில் தன்னைக் கொன்ற வணிகனைப் பழிவாங்க அவன் மனைவியின் உருவில் பேய் வருகிறது. கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வருகிறது. ‘இவள் என் மனைவியல்லள், பேய்’ என்று வணிகன் கதறுகிறான். பழையனூர் வேளாளர் எழுபதின்மர் அவையோ அவனை நம்பவில்லை. குழந்தை அவனைத் தந்தை என அழைத்ததே அவர்களுக்குப் போதிய சான்றாயிற்று. அவன் இறந்தபின் சொன்ன சொல் காக்க அவ்வெழுபதின்மரும் தீப்புகுந்தனர் என்பது வழக்கு. திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தர் சுட்டும் அளவிற்கு இது பழமையான கதை.

இப்பின்னணியில் இரு படங்களைக் காணலாம். ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) மறுபிறப்பு வழியில் செல்வது. கல்யாண்குமாரும் தேவிகாவும் இரு பிறப்புகளிலும் காதலராகத் தோன்ற, முற்பிறப்பில் அக்காதலை அழித்த ஜமீன்தார் (நம்பியார்) முதுமையிலும் பகை தீராது காத்திருக்கிறார். பிமல் ராயின் ‘மதுமதி’ (1958) இதற்கு முன்னோடி எனலாம். ஆனால் இங்கு அச்சம் தருவது ஆவியன்று, சாகாமல் எஞ்சியிருக்கும் நிலவுடைமையாளனின் உடலே. ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், மறு ஆண்டே மலையாளத்தில் பஷீரின் கதையைப் ‘பார்கவி நிலையம்’ எனப் பேய்வீட்டுப் படமாக இயக்கினார்.

சத்யம் இயக்கி, பி. எஸ். வீரப்பா தயாரித்த ‘யார் நீ?’ சூழ்ச்சி வழியைச் சார்ந்தது. மழையிரவில் வழியில் கண்ட வெள்ளாடைப் பெண்ணின் முகமே பின்னர்த் தான் மணந்த மனைவியின் முகமாகவும் இருக்கக் கண்டு நாயகன் (ஜெய்சங்கர்) கலங்குகிறான். அவனைப் பித்தனாக்கிச் சொத்தைக் கவர உறவினர் செய்த சூழ்ச்சி அது என்பதும், மற்றவள் மனைவியின் இரட்டைச் சகோதரி என்பதும் இறுதியில்தான் வெளிப்படுகின்றன. இருவராகவும் நடித்தவர் ஜெயலலிதா. அதே ஆண்டில் வந்த தெலுங்கு வடிவமாகிய ‘ஆமெ எவரு?’ படத்திலும் அவரே நடித்தார். முந்தைய ஆண்டில் ஸ்ரீதரின் ‘வெண்ணிற ஆடை’யில் மருத்துவரால் குணமாக்கப்படும் மனநலம் குன்றிய இளம் கைம்பெண்ணாக அவரைக் கண்ட பார்வையாளர், இப்போது அவர் உருவால் ஒரு மருத்துவன் மனம் கலங்குவதைக் கண்டனர். காலின்ஸ் கதையில் வெள்ளாடை பேதைமையின் குறி. தமிழ்ப் பார்வையாளருக்கோ அது கைம்மைக்கோலமும் ஆதலின், கணவன் உயிரோடிருக்க மனைவியின் உருவம் வெள்ளுடையில் தோன்றுவது கூடுதல் அச்சம் விளைத்திருக்கும்.

நீலி கதையில் கணவன் ஐயம் மெய். அவை நம்பியது பொய். ‘யார் நீ?’ இதைத் தலைகீழாக்குகிறது. இங்குக் கணவனின் ஐயமே பொய். குற்றமற்ற மனைவி தான் பேயல்லள் என்பதை மெய்ப்பிக்க வழியின்றித் தவிக்கிறாள். அவள் சொல்வதைக் கேட்க எழுபதின்மர் அவையும் இல்லை. அவள் முகமே அவளுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது.