உள்ளிருக்கும் அபின்

என் முதல் பிரசவத்தின்போது, வலிக்கு மருந்து கேட்ட என்னிடம் செவிலியர் சொன்னார்: "பொறுத்துக்கம்மா, பொம்பளைக்கு இதைத் தாங்குற சக்தியை இயற்கையே குடுத்திருக்கு." அந்தச் சக்தியைத் தேடிப்போன அறிவியலின் வரலாற்றிலும் ஒரு பெண்ணிடம் பொறுமையே எதிர்பார்க்கப்பட்டது.

1970இல் கேண்டஸ் பெர்ட் என்ற அமெரிக்க இளம்பெண் குதிரையிலிருந்து விழுந்து, முதுகெலும்பு அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். மார்பின் அவர் வலியை அடக்கியது. அபினிலிருந்து எடுக்கப்படும் அந்த மருந்து உடலில் எந்தப் பூட்டைத் திறக்கிறது? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாலமன் ஸ்னைடரின் ஆய்வு மாணவியாக, 1973இல் அந்தப் பூட்டை, அதாவது ஓபியாய்டு ஏற்பியை, அவர் மூளைத் திசுவில் காட்டினார். ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் அவருடையது.

பூட்டு உண்டென்றால் உடலுக்குள்ளேயே சாவியும் இருக்க வேண்டும். 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றியின் மூளையிலிருந்து என்கெஃபலினை அடையாளம் கண்டனர். தொடர்ந்து எண்டார்பினும் தெரியவந்தது. 1978இல் லாஸ்கர் விருது ஸ்னைடர், ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் போனது. பெர்ட் எதிர்ப்புக் கடிதம் எழுதினார். பட்டியல் மாறவில்லை.

எண்டார்பினின் வேலை வலியோடு முடிவதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து விட்டுவிட்டுச் சுரக்கும் ஒரு ஹார்மோனே கருமுட்டை முதிர்வதற்கான முதல் உத்தரவு. எண்டார்பின் அந்தச் சுரப்பை மட்டுப்படுத்துகிறது. மாதவிடாய்ச் சுழற்சியின் பிற்பாதியில் இந்தப் பிடி இறுகுகிறது. மாதவிலக்கு நாள்களில் தளர்கிறது. மன அழுத்தத்தாலும் பட்டினியாலும் மாதவிடாய் நின்றுபோவதில் இதற்கும் பங்கிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடியும் எண்டார்பினைச் சுரக்கிறது. பிரசவ வலி ஏற ஏற, இரத்தத்தில் அதன் அளவும் ஏறுகிறது.

செவிலியர் சொன்னது சரிதானோ என்று தோன்றலாம். ஆனால், முதுகில் எபிடூரல் ஊசி போட்டு வலி தணிந்தால் அந்த ஏற்றமும் குறைந்துவிடுகிறது. ஆக, எண்டார்பின் கூடியிருப்பதை வைத்து இவளுக்கு வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வலி கடுமையாக இருப்பதால்தான் உடல் அதைச் சுரக்கிறது.

மாணவியின் உழைப்பு ஆய்வகத்தின் கணக்கில் சேர்ந்தது. பிரசவிப்பவளின் உழைப்பு இயற்கையின் கணக்கில் சேர்கிறது. இரண்டு கணக்குகளிலும் அவள் பெயர் இல்லை. வலிக்கு மருந்து கேட்பவளின் உடல், அதற்கு வெகுமுன்பே தன்னால் ஆனதைச் செய்யத் தொடங்கியிருக்கிறது. மிச்சத்தைத்தான் அவள் மருத்துவத்திடம் கேட்கிறாள்.